கழுத்தில் கத்தி, வாய்க்குள் நாலு கோல்

“பேசாதீங்க அண்ணாச்சி, கத்தி நிக்குது” என்கிறான் ஆவுடையப்பன். நான் எங்கே பேசினேன், எச்சில் விழுங்கினேன், அவ்வளவுதான், ஆனால் நாற்பது வருசமாக இந்தத் தொண்டையைச் சிரைக்கிறவனுக்கு உள்ளே ஒரு வார்த்தை கிளம்பினாலே வெளியே தோல் புடைப்பது தெரிந்துவிடும் போலிருக்கிறது. கிளம்பியது ஒரு வார்த்தை இல்லை, நாலு கோல். நாலு கோலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் எவ்வளவு நேரம் மல்லாந்து கிடக்க முடியும். கோவில்பட்டியில் ஹாக்கி ஆட்டம் பார்த்துவிட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருக்கத் தோதான இடம் எது என்று யோசித்து, சிரைக்கும்போது எவனும் பேசச் சொல்லமாட்டானே என்று நானாகத்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன், அந்தப் புத்திசாலித்தனத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இங்கே பெஞ்சில் யார் இருப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன். கண்ணாடிக்குள் நுரைக்கு மேலே இரண்டு கண்ணு, என்னுடையதுதான், திருடன் கண்ணு மாதிரி முழிக்கிறது, அதற்குப் பின்னால் கோயில்பிள்ளை, பருத்தித் தரகர், பஞ்சாயத்து மெம்பர், தொடையில் பேப்பரை விரித்துப் போட்டிருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை ரெங்கையா, கோயில்பிள்ளை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதுதான் இவனுக்குத் தொழில், மீதி நேரத்தில் பஞ்சர் ஒட்டுவான். “என்ன வே வெயிலுமுத்து, நம்ம ஹாக்கிப் பயலுவ இன்னைக்கு எத்தனை கோல் வாங்கிட்டு வாரானுக, ஏழா, எட்டா?” என்று கேட்கிறார் கோயில்பிள்ளை. ரெங்கையா முந்திக்கொள்கிறான். “அவர்கிட்ட போய்க் கேக்கீகளே அண்ணாச்சி, வாயைத் திறந்தா பதினாறு கோல் போட்டோம்பாரு. கால்கணக்குப் போட்டாலும் நாலு வந்துரும்.” எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆவுடையப்பனும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், நான் நுரைக்குள்ளே வியர்க்கிறேன், நாலு என்று இந்தப் பஞ்சர்ப் பயல் வாயில் எப்படி வந்தது.

கால்கணக்கு என்பது இந்தக் கடையின் சட்டம், எனக்கென்றே போட்டது. ரயில்வே கேட் கீப்பராக இருந்த காலத்தில் தண்டவாளத்துக்குக் குறுக்கே நாற்பதடிப் பாம்பு படுத்துக் கிடந்து எக்ஸ்பிரஸ் நின்றது என்று ஒருநாள் இதே நாற்காலியில் இருந்து சொன்னேன். யாரோ எழுந்து, நாற்பதில் கால்வாசி எடுத்துக்கொள்வோம், பத்தடி இருக்கும் என்றான், அன்றிலிருந்து வெயிலுமுத்து எதைச் சொன்னாலும் நாலால் வகுத்துக்கொள்வது. அந்தப் பாம்பு ரெண்டு முழம் இருந்திருக்கும், ரயில் நிற்கவும் இல்லை, அதனால் கால்கணக்கிலேயே எனக்குக் கொஞ்சம் லாபம்தான், நானும் சந்தோசமாக ஒத்துக்கொண்டேன். நாற்பது வருசமாக ஒத்துவந்த ஏற்பாடு. இன்றைக்கு இடிக்கிறது. நாலு என்று சொன்னால் ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். நாலு என்று அவர்கள் காதில் விழவேண்டுமானால் நான் பதினாறு சொல்ல வேண்டும், பதினாறை ரெங்கையா இப்போதுதான் கேலிக்குத் தூக்கிவிட்டான், அதுவும் போயிற்று. உள்ளதைச் சொன்னாலும் குறைந்துபோகிறது, கூட்டிச் சொன்னாலும் கலைந்துபோகிறது, இப்படி ஒரு பொறியில் மாட்டுவேன் என்று நினைக்கவே இல்லை. அதிலும் இந்த வருசத்து முதல் மூன்று ஆட்டத்தையும் கெடுத்தவனே நான்தான். முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. போன வருசம் எட்டு ஆட்டத்தில் எட்டும் தோற்றவர்கள், முப்பத்தோரு கோல் வாங்கியவர்கள், சமமாக முடித்ததே பெரிய காரியம், அதை அப்படியே வந்து சொல்லியிருக்கலாம். கோல்கீப்பர் அந்தோணி பந்தைப் பல்லால் கடித்துப் பிடித்தான் என்று சொன்னேன். ரெண்டாவது ஆட்டம் ஒன்று பூஜ்யம், ஜெயித்தோம், நான் அம்பயர் மயங்கி விழுந்தார் என்றேன். மூன்றாவதும் ஜெயித்தோம், ரெண்டுக்கு ஒன்று, அதற்கு என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, ஒரு கழுகு வந்தது. பையன்கள் வந்து உள்ளதைச் சொன்னபோது, வெயிலுமுத்து காத்து இவனுகளுக்கும் அடிச்சிருச்சு என்று ஊரே சிரித்தது. அந்த மூன்று நாளும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள், என் கழுகால்.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் ஆட்டம் முடிந்து, பையன்கள் எல்லாம் மேட்னி பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டிக்கு வருகிறோம் என்று கிளம்பும்போது, கேப்டன் ஊர்க்காவலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, ஒரே ஒரு உதவி” என்றான். என்ன வேணாலும் கேளுடே என்றேன். “ஊர்ல போய் வாயைத் திறக்காதீக. நீங்க சொன்னா அது கதையாயிரும். அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் மைதானத்துல ஆட்டம். மறுநா திங்கக்கிழமை பஞ்சாயத்துல மைதானத்தைப் பருத்தி மூட்டை இறக்குற யார்டுக்கு விடலாமா வேண்டாமான்னு பேசுறாக. கோயில்பிள்ளை அண்ணாச்சி ஒரு தடவை வந்து கண்ணால பாத்தா போதும் மாமா. அவுக காதுல இதுவும் கதையா விழுந்துச்சுன்னா வரமாட்டாக.” கோபம் வரவேண்டும், எனக்குக் கோபம் வரவில்லை, அவன் கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தான், அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு சரிடே என்றேன். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்கிறான் ஆவுடையப்பன், மூக்கைப் பிடித்து முகத்தை ஒருக்களிக்கிறான், கத்தி கிருதாவிலிருந்து இறங்குகிறது, சரக் சரக்கென்று பக்கத்திலேயே யாரோ வைக்கோல் அறுக்கிற மாதிரி, இந்தச் சத்தத்துக்கு எப்போதும் தூக்கம் வரும், இன்றைக்கு வரவில்லை, கண்ணை மூடினால் மைதானம்.

செம்மண் மைதானம், வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, அந்தப் பக்கம் மில் டீம், போன வருசம் கோப்பை வாங்கியவர்கள், பதினோரு ஜோடிப் புது கேன்வாஸ் ஷூ. நம் பையன்களில் ஆறு பேர் வெறுங்கால். முதல் கோல் ஒன்பதாவது நிமிசம், ரெண்டாவது பெனால்டி கார்னரில், அதெல்லாம் சரி, அதெல்லாம் யார் வேண்டுமானாலும் போடுகிற கோல். மூன்றாவதுதான். மூன்றாவதை நினைக்கும்போது இப்போதுகூட கையில் முடி நிற்கிறது, துண்டுக்குள்ளே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அந்தோணி காலில் கட்டிய பேடால் பந்தை ஒதுக்கினான், ஊர்க்காவலனிடம் வந்தது, அவன் தலையைத் தூக்காமலே பின்பக்கமாக அடித்தான், அங்கே யாரும் இல்லை, ஐயோ என்று நான் எழுந்தேன், எழுந்து முடிப்பதற்குள் அங்கே ஒருத்தன் இருந்தான், அவனும் பார்க்கவில்லை, யாரும் இல்லாத இன்னொரு இடத்துக்கு அடித்தான், அங்கேயும் ஒருத்தன் வந்து சேர்ந்தான், பந்து போன பிறகு ஆள் போகவில்லை, ஆள் போன பிறகு பந்து போகவில்லை, ரெண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் முளைத்தன, இப்படி ஏழு பேர், ஏழு தட்டு, ஒருத்தனும் ஒருத்தனை நிமிர்ந்து பார்க்கவில்லை, கடைசியில் செண்பகராஜ், தீப்பெட்டி ஆபீசில் குச்சிக் கட்டை அடுக்குகிற ஒல்லிப் பயல், லேசாகத் தொட்டான், தொட்டதற்கு மேல் ஒன்றும் இல்லை, பந்து கோலுக்குள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மில் டீம் ஆட்கள் பாதியிலேயே ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். நானூறு பேர் கூட்டம், ஒரு சத்தம் இல்லை. பிறகு யாரோ ஒரு பெண்பிள்ளை, கடலை விற்கிறவள், “ஆத்தாடி” என்றாள். அவ்வளவுதான் சத்தம். நம் ஊர்ச் சார்பில் அங்கே இருந்தவன் நான் ஒருத்தன், கத்த வேண்டியது என் வேலை, என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன், பத்து நிமிசம் இருக்கும், அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பார்த்தேனா, இல்லை பஸ்ஸில் கதை கட்டினேனா. அறுபது வருசமாகக் கட்டிக் கட்டி, நானே பார்த்தது எது கட்டியது எது என்று பல விசயத்தில் எனக்கே தெரியாது, என் கல்யாணத்தில் யானை வந்தது என்று சொல்லிச் சொல்லி இப்போது அந்த யானையின் காது அசைவது எனக்கு நினைவிருக்கிறது, செத்துப்போன என் வீட்டுக்காரி மட்டும் இருந்தால் கேட்கலாம். இதுவும் அப்படி ஒரு யானையா. இல்லை. இல்லை, ஏனென்றால் நான் கட்டியிருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டேன். மூன்றாவது கோல் விழுந்தபோது அம்பயர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், விசிலை எடுக்க நேரமாயிற்று, இப்படி ஒரு சப்பையான விசயத்தை நான் எதற்காகக் கட்டுவேன். ஸ்கோர் எழுதுகிற சிலேட்டில் சாக்பீஸ் தீர்ந்து மூன்று என்பதைச் செங்கல் துண்டால் எழுதினார்கள், சரியாகவே தெரியவில்லை. நாலாவது கோல் கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பி, யார் மட்டையிலோ பட்டு, உருண்டு, போவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு போன கோல், அதை நான் கட்டியிருந்தால் வலை கிழிந்திருக்கும். கழுகு வரவில்லை. ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை. நடந்ததுதான். நடந்தது என்பதை நினைத்தால் அது கட்டியதைவிடப் பயமாக இருக்கிறது.

“எலே ஆவுடை, போன கோடையில பந்தே இல்லாம ஆடினானுகளே, நீ பாத்தியா?” என்கிறான் ரெங்கையா பின்னாலிருந்து, என் தலைக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிற மாதிரி. “பாக்காம? சித்திரை வெயில்ல பதினோரு பேரு மட்டையை வச்சு வெறுந்தரையை அடிச்சிட்டு ஓடுறானுக. எங்க வீட்ல பொம்பளைக புள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாக, சோறு ஊட்ட.” சிரிக்கிறார்கள். நானும் அப்போது சிரித்தேன். இருந்த ஒரே பந்து கல்லில் பட்டு ரெண்டாகப் பிளந்துவிட்டது, ஜலந்தரிலிருந்து பார்சலில் புதுப் பந்து வர ரெண்டு மாதம் ஆகும் என்றார்கள், ஊர்க்காவலன் பயிற்சியை நிறுத்தவில்லை, பந்து இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடுவோம் என்றான். யாரிடம் பந்து இருக்கிறதோ அவன் யாருக்குத் தருகிறானோ அவன் பெயரைக் கூப்பிட வேண்டும், பந்து எங்கே என்று தெரியாமல் நிற்கிறவன் மைதானத்தை ஒரு சுற்று ஓடி வரவேண்டும், இதுதான் விதி. முதல் வாரம் அடிதடி, ஒரே பந்து ரெண்டு பேரிடமும் இருக்கிறது என்பான்கள், என் மட்டையிலதாம்ல இருக்கு, இல்லைல அதை நான் அப்பவே பிடுங்கிட்டேன் என்று சட்டையைப் பிடிப்பான்கள், இல்லாத பந்துக்கு. அந்தச் சண்டையைப் பார்க்கவே நான் தினமும் காலையில் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். ரெண்டாவது மாதத்தில் பெயர் கூப்பிடுவது நின்றது. சத்தமே இல்லை, கால் சத்தம் மட்டும். ஒருநாள் எனக்குக் குறும்பு, எழுந்து “நில்லுங்கடே” என்று கத்தினேன், எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள், “பந்து எங்கடே இருக்கு, காட்டுங்க” என்றேன். பதினோரு மட்டையும் நீண்டது. பதினொன்றும் ஒரே இடத்தில், ஒரு கொழிஞ்சிச் செடிக்குப் பக்கத்தில், ஒரு சாண் இப்படி அப்படி இல்லை. நான் அந்தச் செடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, மண். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தைக் காலால் மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அறுபது வருசமாக இல்லாததைச் சொல்லி ஒருத்தனையும் நம்பவைக்க முடியாதவன் நான். இவர்கள் பதினோரு பேர் வாயே திறக்காமல் இல்லாத ஒன்றை ஒருத்தனுக்கொருத்தன் அப்படி நம்பிவிட்டார்கள். இப்போது நிஜப் பந்து வந்து அது பாட்டுக்கு அந்த நம்பிக்கைக்குள்ளே ஓடுகிறது. அதை நான் ஒருநாளும் இந்தக் கடையில் சொல்லவில்லை, ஏன் என்று தெரியவில்லை, வாயில் வந்ததையெல்லாம் சொல்கிறவன், அதை மட்டும் சொல்லவில்லை.

“அதுக்குத்தான் சொல்றேன்” என்று கோயில்பிள்ளை பேப்பரை மடிக்கிறார். “பந்தே இல்லாம ஆடுறவனுக்கு மைதானம் எதுக்கு? ஒரு ஈ காக்கா பாக்க வாறதில்லை. யார்டு வந்தா பருத்தி வண்டி ஊருக்குள்ள வரும், நாலு பேருக்கு வேலை கெடைக்கும். அடுத்த வாரம் திங்கக்கிழமை பேசி முடிச்சிர வேண்டியதுதான்.” அவர் சொல்வதில் தப்பு இல்லை, அதுதான் எரிகிறது, நல்ல மனுசன், பருத்தி வண்டி வந்தால் ஊருக்கு நல்லதுதான், ஆனால் வண்டிச் சக்கரம் ஏறி நிற்கப்போகிற இடம் எது என்று இந்த மனுசனுக்கு யார் சொல்வது, அங்கே, நான் மிதிக்கப் பயந்த இடத்தில், மூட்டையை அடுக்கி, தராசு மாட்டி... “அசையாதீங்க அண்ணாச்சீ” என்று ஆவுடையப்பன் கத்துகிறான், அசைந்துவிட்டேன், தாடைக்குக் கீழே சுருக்கென்றது, நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்குகிறது. “உங்க காலத்துல ஒரு தடவை சும்மா இருந்திருக்கீகளா?” திட்டிக்கொண்டே படிகாரக் கல்லை நனைத்து வைத்து அழுத்துகிறான், எரிச்சல் காதுவரை போகிறது, கண்ணில் தண்ணீர், “ஒரு கீறலுக்கா அழுறாரு, இதையும் நாளைக்குக் கத்திக்குத்துன்னு சொல்லுவாரு பாரு” என்கிறான் ரெங்கையா, சொல்லுவேன்தான், அப்படித்தான் சொல்லுவேன், ஆனால் கண்ணில் நிற்கிற தண்ணீர் கல்லுக்கா கோலுக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஊர்க்காவலனுக்குச் சரிடே என்று சொன்னேன். சொன்னால் கதையாகிவிடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இவர் வரமாட்டார். சாயங்காலம் பையன்கள் வந்து சொன்னாலும் வரமாட்டார், என் காத்து அடித்திருக்கிறது. ஏழுக்குப் பூஜ்யம் தோற்றோம் என்று சொன்னால் உடனே நம்புவார், என் வாழ்க்கையிலேயே நான் சொன்னதை முழுசாக நம்புவது அது ஒன்றாகத்தான் இருக்கும், அப்படி ஒரு ஆசைகூட ஒரு நொடி வந்தது, அடச் சீ.

ஈரத்துண்டால் முகத்தை ஒற்றி, நாற்காலியை நிமிர்த்திவிட்டான். கண்ணாடியில் ஒரு கிழவன், சுத்தமாக, வாய் இருக்கிறது. கடையில் எல்லாரும் அந்த வாயைத்தான் பார்க்கிறார்கள். “ம், கத்தியை எடுத்தாச்சு. கதையை அவுத்து விடும் வே” என்கிறார் கோயில்பிள்ளை. நான் திரும்பி உட்கார்ந்தேன். “நாலு பூஜ்யம்” என்றேன். “யாருக்கு நாலு?” “நமக்கு.” ரெங்கையா தொடையில் தட்டினான். “கால்கணக்கு! ஒண்ணு பூஜ்யம்! அதுவும் யாரு, மில் டீமையா! சரி, எப்படிப் போட்டானுக, அதைச் சொல்லும். இந்தத் தடவை என்ன வந்துச்சு, யானையா, புயலா?” நான் வாயைத் திறந்தேன். அந்தோணி ஒதுக்கினான் என்று தொடங்கினேன். ஊர்க்காவலன் பார்க்காமலே என்றேன். அங்கே யாரும் இல்லை, ஆனால் என்றேன். அதற்கு மேல் போக வழி இல்லை. எழுந்து நின்றேன், ஆவுடையின் துடைப்பத்தை எடுத்து, முடி கிடக்கிற தரையில் இப்படி என்று காட்டப் பார்த்தேன், இங்கிருந்து இப்படி, அப்புறம் ஒருத்தன் அங்கே, முடிதான் நாலு பக்கமும் பறந்தது. யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டான். என் வாய் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. பாம்புக்கும் கழுகுக்கும் வந்த வார்த்தையில் ஒன்றுகூட இதற்கு ஆகவில்லை, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன், எல்லாம் சின்னதாக இருக்கிறது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். “எனக்குச் சொல்லத் தெரியலைடே” என்றேன்.

ஆவுடையப்பன் கத்தியைத் தோல்வாரில் தீட்டப் போனவன் தீட்டாமல் நின்றான். ரெங்கையா கோயில்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், தலையை எந்தப் பக்கம் ஆட்டவேண்டும் என்று அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோயில்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருசமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிற மனுசன், இப்படிப் பார்த்ததில்லை, காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி, அப்புறம் அந்தப் பார்வையும் மாறி, எனக்குப் பின்னால் கண்ணாடியில் ஏதோ தெரிகிற மாதிரி. “தெரியலையா?” என்றார். “ஒமக்கா?” ஆமாம் என்று தலையை அசைத்தேன். அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார், செருப்பை மாட்டினார், வாசல்வரை போய், வெளியே வெயிலைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வே?”

“நாலு மணிக்கு” என்றேன். ஆட்டம் நாலரைக்குத்தான்.